ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ (1935): போஸ்டர், ஸ்டில், 16 எம்.எம். பிரிண்ட் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

‘தி 39 ஸ்டெப்ஸ்’ சம்பந்தப்பட்ட பழைய பொருள்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் கடைசியில் செய்யவேண்டிய வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் வாங்கியது என்ன என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் அடையாளம், அடுத்தது சோதனை, பணம் அதற்கும் பின்னால்தான்.

இந்த ஒரு படத்துக்கு இத்தனை போட்டி ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் விலை புரியும். ஹிட்ச்காக் சேகரிப்பாளர்கள், உளவுப் படச் சேகரிப்பாளர்கள், மூலக்கதை எழுதிய ஜான் பக்கனின் புத்தகங்களைத் தேடுகிறவர்கள், ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ ரயிலும் ஃபோர்த் பாலமும் வருவதால் ரயில் பிரியர்கள் என்று நான்கு கூட்டமும் ஒரே பொருளுக்கு ஏலம் கேட்கும். பொருளோ குறைவு. தியேட்டருக்குப் போன போஸ்டர் ஒட்டியதும் கிழிந்துபோகும், மிஞ்சியதிலும் ஒரு பகுதி போர்க்காலத்தில் பிரிட்டனில் பழைய காகிதம் திரட்டியபோது போய்விட்டது.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

அங்குலம் காட்டும் இழுப்பு அளவுநாடா, 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஒரு நோட்டு. பிரிண்ட் வாங்கும் எண்ணம் இருந்தால் ரீலைக் கையால் சுற்றிப் பார்க்க ரீவைண்டர் ஒரு ஜோடி, பால் வெள்ளைப் பலகைக்குக் கீழே விளக்கு வைத்த ஒரு பெட்டி.

டார்ச் வாங்கும்போது 395 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். அதில் ஊதா வெளிச்சமே அதிகமாகத் தெரியும், காகிதம் ஒளிர்கிறதா இல்லையா என்பது அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

2. படத்தை நல்ல பிரதியில், நோட்டும் கையுமாகப் பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். இந்தப் படம் அமெரிக்காவில் பல ஆண்டுகள் காப்புரிமை இல்லாத படமாகக் கருதப்பட்டு, யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து விற்றார்கள். 1996-இல் அங்கே அதன் காப்புரிமை மீண்டது. ஆனால் அந்தக் காலத்து மோசமான நகல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட புளூ-ரே நல்ல தொடக்கம்.

ஒரு எச்சரிக்கை. அது ‘ஏ’ மண்டலத்து டிஸ்க், இந்தியா புளூ-ரே கணக்கில் ‘சி’ மண்டலம். உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் ஓட்டுமா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். படம் 86 நிமிடம். பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளின் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைக்கு வந்த பழைய டிவிடியில் அதே படம் 82, 83 நிமிடத்தில் முடியும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்று எடுத்ததை 25 ஆக ஓட்டுவதால் வரும் வித்தியாசம் அது, வெட்டு இல்லை. இதைத் தெரியாமல் ‘வெட்டப்பட்ட பிரதி’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, ‘அரிய குறும்பதிப்பு’ என்று கூடுதல் விலை சொல்கிறவர்களும் உண்டு.

பார்க்கும்போது எழுதவேண்டியவை: யார் யார், என்ன உடை, எந்த இடம். கதாநாயகன் ஹேனியாக ராபர்ட் டோனட், பமீலாவாக மடலின் கேரல், தொடக்கத்தில் கொல்லப்படும் அனபெல்லாவாக லூசி மன்ஹைம், விரல் நுனி இல்லாத பேராசிரியராக காட்ஃப்ரே டேர்ல், ஸ்காட்லாந்துக் குடியானவராக ஜான் லாரி, அவர் மனைவியாக பெக்கி ஆஷ்கிராஃப்ட், மிஸ்டர் மெமரியாக வைலி வாட்சன். தலைப்பே இல்லாத ஸ்டில் ஒன்று ஏலக் கட்டுக்குள் கிடக்கும்போது, அது எந்தப் படம் என்று இந்தக் குறிப்புதான் சொல்லும்.

3. எந்த ‘39 ஸ்டெப்ஸ்’ என்று முதலில் பிரித்துவிடுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். ஒரே கதை மூன்று முறை திரைக்கு வந்தது: 1935-இல் ஹிட்ச்காக், 1959-இல் ரால்ஃப் தாமஸ் (கென்னத் மோர் நடித்தது), 1978-இல் டான் ஷார்ப் (ராபர்ட் பவல் நடித்தது). 1959, 1978 படங்களின் பிரிட்டிஷ் போஸ்டர்கள் எளிதாகக் கிடைக்கும். தலைப்பை மட்டும் பார்த்து, பழசாகத் தெரிகிறதே என்று 1959 போஸ்டரை ஹிட்ச்காக் கணக்கில் வாங்கிவிடுகிறார்கள்.

தேடும்போது படத்தின் பெயரோடு நிறுத்தாமல் டோனட், கேரல், படத்தைத் தயாரித்த கோமான்ட்-பிரிட்டிஷ் நிறுவனம் ஆகிய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். கென்னத் மோர், அவரோடு நடித்த டைனா எல்க், 1959 படத்தின் ராங்க் நிறுவனம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது வேறு படம்.

அயல்நாட்டுத் தலைப்புகளிலும் தேடுங்கள். பிரெஞ்சில் ‘லே 39 மார்ஷ்’, ஜெர்மனில் ‘டி 39 ஷ்டூஃபன்’, இத்தாலியில் ‘இல் க்ளப் தெய் 39’. ஆங்கிலத் தலைப்பில் மட்டும் தேடுகிறவர்கள் கண்ணுக்கு இவை அகப்படாது, அதனால் போட்டி கொஞ்சம் குறைவு. ஆனால் ஐரோப்பாவில் இந்தப் படம் போருக்குப் பிறகும் திரும்பத் திரும்ப ஓடியது. அந்தத் தலைப்பில் வரும் போஸ்டர் 1935-ஐச் சேர்ந்தது என்று எடுத்த எடுப்பில் நம்பாதீர்கள்.

4. ஒரு கிளையை மட்டும் பிடியுங்கள்

போஸ்டர், லாபி கார்டு (தியேட்டர் முகப்பில் மாட்டும் படக்காட்சி அட்டை), ஸ்டில், 16 எம்.எம். பிரிண்ட், பத்திரிகைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சோதனை முறை வேறு, பாதுகாக்கும் முறை வேறு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதிலும் கண் பழகாது.

என் பரிந்துரை, பத்திரிகையில் தொடங்குங்கள் என்பதுதான். ‘பிக்சர்கோயர்’, ‘ஃபிலிம் வீக்லி’ போன்ற பிரிட்டிஷ் சினிமா வார இதழ்களின் 1935-ஆம் ஆண்டு இதழ்கள், டோனட், கேரல் படம் போட்ட போஸ்ட்கார்டுகள், சிகரெட் பெட்டியோடு வந்த நட்சத்திர அட்டைகள், இவற்றுக்கெல்லாம் விலை குறைவு. பொய்யாகச் செய்து விற்பதில் யாருக்கும் லாபம் இல்லாததால் போலியும் குறைவு. முக்கியமாக, 1935-ஆம் ஆண்டுக் காகிதமும் மையும் எப்படி இருக்கும், எப்படி மணக்கும், ஓரம் எப்படிப் பழுக்கும் என்று விரலுக்கும் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாமல் நேராகப் போஸ்டருக்குப் போகிறவர் அடுத்தவர் சொல்லையே நம்பவேண்டிவரும்.

5. வாங்காமல் விலை பழகுங்கள்

டாலஸில் இருக்கும் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் தன் பழைய ஏல முடிவுகளைப் படங்களோடு வைத்திருக்கிறது, இலவசமாகப் பதிவு செய்தாலே பார்க்கலாம். சில மாதங்கள் அதையே பாருங்கள். ஒரே போஸ்டர் எந்த நிலையில் எவ்வளவுக்குப் போனது, பழுது பார்த்ததற்கும் பார்க்காததற்கும் என்ன வித்தியாசம், மறுவெளியீட்டுக்கு எவ்வளவு குறைகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

விற்பவர் கேட்கும் விலையை எழுதாதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் எழுதுங்கள். கேட்கும் விலை ஆசை, முடிந்த விலைதான் சந்தை.

ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகையோடு செலவு முடிவதில்லை. வாங்குபவர் கட்டணம் என்று பெரும்பாலும் 20, 25 சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல் சேரும். அதன் மேல் கூரியர், காப்பீடு, சுங்க வரி. கையில் இருக்கும் தொகையிலிருந்து இவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தை உங்கள் உச்ச வரம்பாக ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். ஏலம் ஓடும்போது கணக்குப் போட்டால் கை தானாக மேலே போகும்.

6. போஸ்டரும் லாபி கார்டும்: சோதனை வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாத சோதனை முதலில், பொருளைக் கையில் வைத்துச் செய்யவேண்டியது பின்னால். பெரும்பாலான போலிகள் முதல் இரண்டிலேயே விழுந்துவிடும்.

அளவு. ஒன்-ஷீட் என்ற வழக்கமான அமெரிக்கப் போஸ்டர் 27-க்கு 41 அங்குலம், ஹாஃப் ஷீட் 22-க்கு 28, இன்சர்ட் 14-க்கு 36, விண்டோ கார்டு 14-க்கு 22, லாபி கார்டு 11-க்கு 14. பிரிட்டிஷ் குவாட் படுக்கைவாட்டில் 40 அங்குல அகலம், 30 உயரம். 24-க்கு 36, 11-க்கு 17 என்றால் அது சுவரில் மாட்ட இன்று அச்சடித்தது. அரை அங்குல வித்தியாசம் இருக்கலாம், ஓரம் வெட்டியிருப்பார்கள். ஆனால் வெட்டியது என்றால் விலை இறங்கவேண்டும்.

மடிப்பு. அன்றைய ஒன்-ஷீட்டுகள் தியேட்டருக்கு மடித்தே போயின, எனவே 1935 போஸ்டரில் மடிப்பு இருப்பது குறை இல்லை. ஒரு மடிப்புக்கூட இல்லாமல் பளிச்சென்று சுருட்டி வந்தால்தான் யோசிக்கவேண்டும். இன்னொரு பக்கம், மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது என்றால் அது பழைய போஸ்டரைப் படமெடுத்து அச்சடித்தது, கோடும் சேர்ந்து அச்சாகிவிட்டது.

கீழ் ஓரத்து எழுத்து. அமெரிக்காவில் போஸ்டர் விநியோகம் நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் கைக்குப் போனது 1940 வாக்கில். அதன் பிறகுதான் ஓரத்தில் ஆண்டும் எண்ணும் போடும் வழக்கம் வந்தது, மறுவெளியீடு என்றால் ‘ஆர்’ எழுத்து முன்னால் நிற்கும். ஆக, அப்படிப்பட்ட எண் இருந்தால் அது 1935 போஸ்டர் ஆகாது. எண் இல்லை என்பதால் மட்டும் 1935 என்றும் ஆகிவிடாது.

புற ஊதா. அறையை இருட்டாக்கி, போஸ்டரின் அச்சில்லாத வெள்ளை ஓரத்தில் டார்ச் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் போருக்குப் பிறகுதான் பரவலாகச் சேர்க்கப்பட்டது. ஓரம் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் 1935 காகிதம் இல்லை. பழைய காகிதம் மங்கலாக, பழுப்பாகவே கிடக்கும். இதே வெளிச்சத்தில், பிற்காலத்தில் வண்ணம் பூசிய இடங்களும் திட்டுத் திட்டாக வேறுபட்டுத் தெரியும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். துணியில் ஒட்டிய போஸ்டர் என்றால் பின்னால் இருக்கும் துணி ஒளிரலாம், அது புதுத் துணி. முன்பக்கக் காகிதத்தை மட்டும் பாருங்கள்.

லென்ஸ். டார்ச்சுக்குத் தப்பும் போலி உண்டு: அதே காலத்து மலிவான அட்டையை எடுத்து, அதன் மேல் புதுப் படத்தை ஏற்றிவிடுவது. லாபி கார்டில் இந்த அபாயம் அதிகம். காகிதம் உண்மையிலேயே பழசு, அதனால் ஒளிராது. லென்ஸை முகத்தின் மேல் வையுங்கள். கல் அச்சில் வந்த போஸ்டரில் வண்ணம் கிரேயான் தேய்த்தது மாதிரி சீரில்லாத பொடிமணியாக இருக்கும். அன்றைய ஆஃப்செட், கிராவ்யூர் அச்சில் ஒழுங்கான வலை அமைப்பு தெரியும். இன்றைய இங்க்ஜெட்டில் எந்த ஒழுங்கும் இல்லாமல் நுண்ணிய வண்ணத் துளிகள் தெறித்துக் கிடக்கும், கறுப்பு எழுத்தின் விளிம்பில்கூட நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். எழுத்தின் விளிம்பை மறக்காமல் பாருங்கள். பழைய அச்சில் எழுத்து ஒரே மையில் திடமாக இருக்கும்.

துணி ஒட்டு. ஜப்பான் காகிதம் நடுவில் வைத்துப் பசையால் துணியில் ஒட்டுவது முறையான பாதுகாப்பு வேலைதான், அதைக் குறையாக நினைக்கவேண்டாம். ஆனால் பின்பக்கம் மறைந்துவிடும். முத்திரை, கிழிசல், ஒட்டு எதுவும் தெரியாது. எனவே ஒட்டுவதற்கு முன் எடுத்த புகைப்படம் கேளுங்கள். பெரிய விலைப் போஸ்டருக்கு அந்தப் புகைப்படம் இல்லை என்றால், எவ்வளவு பகுதி புதிதாக வரைந்தது என்று தெரியாமல் பணம் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

லாபி கார்டில் ஒரு சின்ன விஷயம். எட்டு அட்டை ஒரு செட், பெரும்பாலும் அதில் ஒன்று தலைப்பு அட்டை. செட்டாக வாங்கும்போது எட்டும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவையா என்று ஓரத்து எழுத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூலையில் ஊசித்துளை இருப்பது நல்லதுதான், தியேட்டரில் மாட்டியதற்கு அது சாட்சி.

விற்பனைப் பட்டியலில் வரும் சொற்களையும் கவனியுங்கள். ‘வின்டேஜ் ஸ்டைல்’, ‘ஒரிஜினல் டிசைன்’, ‘மியூசியம் குவாலிட்டி’ என்றெல்லாம் எழுதியிருந்தால் மறு அச்சு என்று கொள்ளுங்கள். ‘1935 ஒரிஜினல், மறுவெளியீடு அல்ல, இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுத்தில் தருகிறவரிடம் மட்டுமே பெரிய தொகை பேசவேண்டும். என் கருத்தைக் கேட்டால், சந்தேகமுள்ள ஒரிஜினலைவிடச் சந்தேகமில்லாத மறுவெளியீடு மேல். அதை நிம்மதியாக மாட்டலாம், நாளைக்கு விற்கும்போதும் சொன்ன சொல் நிற்கும்.

7. ஸ்டில்: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

8-க்கு 10 அங்குலக் கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் திருப்புங்கள். பத்திரிகைக்கு அனுப்பியது என்றால் ஒட்டிய விளக்கச் சீட்டு, முத்திரை, பென்சில் அளவுக் குறி ஏதாவது இருக்கும். பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருந்தால் அது ரெசின் பூசிய புகைப்படத் தாள். அந்தத் தாள் பரவலானது 1970 வாக்கில். 1935-இல் அதில் அச்சிட்டிருக்க வழியே இல்லை.

அப்புறம் முன்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பழைய வெள்ளிப் படங்களில் இருண்ட பகுதிகளிலும் ஓரங்களிலும் கண்ணாடி மினுக்கம் மாதிரி ஒரு வெள்ளிப் படலம் ஏறியிருக்கும். எல்லாப் படத்திலும் இருக்காது, இருந்தால் வயதுக்கு நல்ல அறிகுறி.

நகலைக் கண்டுபிடிக்க மூலையைப் பாருங்கள். ஊசித்துளையின் படம் தெரியும், துளை இருக்காது. விரிசல் தெரியும், விரலுக்குத் தட்டாது. முகத்தில் சாம்பல் நிறங்கள் எல்லாம் போய்க் கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சியிருக்கும். டோனட்டும் கேரலும் கைவிலங்கோடு நிற்கும் படங்கள்தான் அதிகம் நகலெடுக்கப்பட்டவை, ஏனென்றால் அதிகம் கேட்கப்படுபவையும் அவையே. பெக்கி ஆஷ்கிராஃப்ட், ஜான் லாரி வரும் குடிசைக் காட்சி ஸ்டில்களில் அந்தத் தொல்லை குறைவு, என் கண்ணுக்கு அவை இன்னும் அழகு.

படத்தில் இல்லாத ஒரு நிலையில் இருவரும் நிற்கிறார்கள் என்பதற்காக ஸ்டில்லை ஒதுக்காதீர்கள். விளம்பரத்துக்குத் தனியாக நிற்கவைத்து எடுப்பது அன்றைய வழக்கம். உடையும் இடமும் பொருந்துகிறதா என்று நோட்டோடு ஒப்பிட்டால் போதும்.

8. 16 எம்.எம். பிரிண்ட்: ஓட்டுவதற்கு முன் ஐந்து வேலை

பிரிண்ட் கைக்கு வந்ததும் புரொஜெக்டரில் மாட்டிவிடுவதுதான் பெரிய தவறு. கெட்டுப்போன பிரிண்டை ஒருமுறை ஓட்டினால் பல்துளை கிழிந்து, மிச்சமும் போய்விடும்.

முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வந்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. இதை நிறுத்த முடியாது, குளிர்ச்சியும் உலர்ச்சியும் கொடுத்து மெதுவாக்கத்தான் முடியும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல பிரிண்டையும் கெடுக்கும், எனவே உடனே தனி அறைக்கு மாற்றுங்கள். லேசான சந்தேகம் என்றால் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைத் தாளை டப்பாவுக்குள் போடுங்கள். நீலமாகவே இருந்தால் நிம்மதி, பச்சை, மஞ்சள் என்று போகப் போக நிலைமை மோசம்.

இரண்டாவது, சுருக்கம். ஃபிலிமை மேசை மேல் இழுக்காமல் தட்டையாக விரித்து 100 ஃப்ரேம் எண்ணி அளவுநாடாவை வையுங்கள். 16 எம்.எம்.-இல் அடிக்கு 40 ஃப்ரேம், அதாவது 100 ஃப்ரேம் 30 அங்குலம், 762 மில்லிமீட்டர். இதில் ஏழரை மில்லிமீட்டர் குறைந்தால் சுருக்கம் 1 சதவீதம். அதைத் தாண்டியதைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள். நடுவில், கடைசியில் என்று வேறு இடங்களிலும் அளந்து பாருங்கள்.

மூன்றாவது, நீளம். ஒலிப்படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும், 86 நிமிடத்துக்குச் சுமார் 3,100 அடி. 1,600 அடி ரீல் ஒன்று 44 நிமிடம் என்பதால் முழுப் படம் இரண்டு ரீலில் வரும். 2,900 அடிதான் இருக்கிறது என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் காணோம். விற்பவர் ‘முழுமையானது’ என்று சொன்னாலும் அடிக்கணக்கு பொய் சொல்லாது.

நான்காவது, ஓரத்துக் குறி. கோடக் ஃபிலிம் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறி போட்டது, அது 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒற்றை வட்டம் என்றால் 1936, 1956 அல்லது 1976. ஒற்றைச் சதுரம் 1937, 1957, 1977. ஒற்றை முக்கோணம் 1938, 1958, 1978. இது ஃபிலிம் தயாரான ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு கொஞ்சம் தள்ளி இருக்கலாம். நெகட்டிவிலிருந்து படிந்து வந்த குறியும் கூடவே தெரியலாம் என்பதால் பல இடங்களில் பாருங்கள். ‘போருக்கு முந்தைய பிரிண்ட்’ என்று விற்கப்படுவது 1956 அல்லது 1976 ஃபிலிமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

ஐந்தாவது, எந்தத் தலைமுறை நகல் என்பது. வெளிச்சப் பெட்டியில் ஸ்காட்லாந்து மேட்டுநிலக் காட்சியைத் தேடி எடுத்து லென்ஸில் பாருங்கள். மேகமும் மலையும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல பிரிண்ட். எல்லாம் வெளுத்து ஒன்றாகிவிட்டிருந்தால் நகலின் நகல். கீறல் இருந்தால் ஃபிலிமைச் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் பள்ளமாக மினுங்கினால் இந்த பிரிண்டின் கீறல், மேற்பரப்பு சுத்தமாக இருந்தும் படத்தில் கோடு ஓடினால் முந்தைய நகலிலிருந்து அச்சாகி வந்தது, எந்தச் சுத்திகரிப்பாலும் போகாது.

பிரிண்ட் உங்களுடையது என்பதால் காட்டும் உரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. வீட்டில் பார்க்கலாம். ஃபிலிம் சங்கத்தில் திரையிடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கவேண்டும், பிரிட்டனில் இந்தப் படத்துக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது.

9. 35 எம்.எம். என்றால் தொடவேண்டாம்

1935-இல் தியேட்டருக்குப் போன 35 எம்.எம். பிரிண்ட் நைட்ரேட் ஃபிலிம். 1950-களின் தொடக்கம்வரை அதுதான் வழக்கம். தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொண்டு எரியும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. வீட்டில் வைக்கக்கூடாது, சாதாரணத் தபாலில் அனுப்பவும் கூடாது.

பழைய டப்பா ஒன்றில் அப்படி ஒரு ரீல் கிடைத்து, ஓரத்தில் ‘நைட்ரேட்’ என்று இருந்தாலோ, ஒட்டிப்போய்ப் பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ, சுற்றிப் பார்க்காமல், வெயில் படாமல், ஆள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு ஃபிலிம் ஆவணக் காப்பகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். சேகரிப்பு ஆசைக்கு இங்கே இடமே இல்லை.

10. கேட்கவேண்டிய படங்கள், பணம் கட்டும் முறை

விற்பவரிடம் ‘ஒரிஜினலா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் வரும். அதற்குப் பதிலாகப் படம் கேளுங்கள்: நேராக எடுத்த முழு முன்பக்கம், முழுப் பின்பக்கம், நான்கு மூலை, கீழ் ஓரத்து எழுத்து, பக்கத்தில் அளவுநாடா வைத்த ஒரு படம், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து மடிப்பு தெரிய எடுத்த ஒரு படம். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார், பலர் கேட்காமலே அனுப்புவார்கள். தட்டிக் கழிக்கிறவரை அதோடு விட்டுவிடுங்கள்.

யாரிடம் இருந்து வந்தது, எப்போது, பழைய ரசீது இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை, தகராறு வந்தால் திரும்பக் கேட்க வழி உள்ள முறையில் மட்டும் கட்டுங்கள்.

போஸ்டர் எப்படி அனுப்பப்படும் என்பதையும் முன்பே பேசுங்கள். மடித்த போஸ்டர் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வரட்டும். அதைச் சுருட்டினால் மடிப்புகள் பிளக்கும். துணியில் ஒட்டியது அகலமான குழாயில் வரவேண்டும், குறுகிய குழாய் என்றால் வண்ணம் வெடிக்கும்.

11. வந்த பிறகு: பிரிப்பதும் வைப்பதும்

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சேதம் இருந்தால் காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம். அன்றைக்கே 6, 7, 8-ஆம் பகுதிச் சோதனைகளைக் கையில் வைத்து மறுபடி செய்யுங்கள், திருப்பி அனுப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை சில ஆண்டுகளில் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். லேமினேஷனும் அப்படித்தான், ஒருமுறை செய்தால் சேகரிப்புப் பொருள் என்ற மதிப்பு அத்தோடு முடிந்தது. போஸ்டரை அமிலமற்ற தாளில் வைத்து பாலியெஸ்டர் உறைக்குள் போடுங்கள், பிவிசி உறை வேண்டாம். சட்டம் போட்டால் கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும், புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் நல்லது, வெயில் விழும் சுவர் ஆகாது.

சென்னை, கொழும்பு மாதிரி புழுக்கமான ஊரில் இருக்கிறவர்களுக்கு ஈரப்பதம்தான் முதல் எதிரி. பரணில் வைக்காதீர்கள், தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள். 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் பாதுகாப்பானது. ஒரு சின்ன மானி வாங்கி அலமாரிக்குள் வைத்து மழைக்காலம் முழுவதும் பாருங்கள், சிலிக்கா ஜெல் பைகளைக் காயவைத்து மாற்றிக்கொண்டிருங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைக் காகிதத்தோடு சேர்த்துப் போடுகிறார்கள், அது வேண்டாம். அலமாரியைச் சுத்தமாக வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே போதும். பிரிண்டுகளை இரும்பு டப்பாவிலிருந்து காற்றோட்டமுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றி, படுக்கைவாட்டில் அடுக்குங்கள்.

12. பதிவு நோட்டு

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: என்ன பொருள், அளவு, எந்த நாட்டு வெளியீடு, 1935-ஆ மறுவெளியீடா, அதை எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள், எல்லாச் செலவும் சேர்த்து என்ன விலை, யாரிடம் வாங்கியது, ரசீது எங்கே, புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படம். பிரிண்ட் என்றால் ஓரத்துக் குறி, அடிக்கணக்கு, 100 ஃப்ரேம் அளவு, சோதனைத் தாளின் நிறம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி அளந்து கீழே எழுதுங்கள். இரண்டு வரியும் பொருந்தவில்லை என்றால் அந்த ரீலை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.